பின்னால் வரும் சின்னச் சொல்

ஜனவரி 8, திங்கள்

இந்த வெள்ளைக்கார ஊர் ஆஸ்பத்திரியில், வார்டு நர்ஸாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. புரியாத பேச்சை அன்றன்றைக்கே எழுதி வைத்தால் மனதில் நிற்கும் என்று ஷைனி சொன்னாள். ஷைனி கோட்டயத்துக்காரி. எனக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவள், அதே வார்டில் நர்ஸ், நான் குடியிருக்கும் வீட்டில் மாடி அறை அவளுடையது. சென்னையில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள்.

இன்று காலை வார்டு மேனேஜர் டெனிஸ், "ஷான், நாலாம் படுக்கையைக் கொஞ்சம் ‘சீ டு’ பண்றியா?" என்றார். சண்முகவடிவு என்ற பெயர் இங்கே ஷான் ஆகிவிட்டது. போய் நாலாம் படுக்கையைப் பார்த்தேன். நோயாளியும் என்னைப் பார்த்தார். திரும்பி வந்து, பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். டெனிஸ் சிரிக்கவில்லை, அவரே போனார். சிறுநீர்ப் பை நிறைந்து கிடந்திருக்கிறது. ‘சீ’ என்றால் பார். பின்னால் ‘டு’ வந்தால், ஆக வேண்டியதைச் செய்.

பாளையங்கோட்டையில் ஐசியூவில் வேலை பார்த்தவள் நான். ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித்தான் இங்கே வந்தேன். டாக்டர்கள் பேசுவது ஒன்றுகூடத் தப்பாமல் புரிகிறது. அவர்கள் பேசுவது பெரிய சொற்கள். நோயாளிகளும் உதவியாளர்களும் பேசுவதெல்லாம் கோ, கம், புட், கெட். ஒன்றாம் வகுப்புச் சொற்கள். அதற்குப் பின்னால் ஒரு ‘அப்’போ ‘ஆஃப்’போ ஒட்டிக்கொண்டதும் என் கையை விட்டுப் போய்விடுகிறது.

பிப்ரவரி கடைசியில் ப்ரொபேஷன் முடியும்.

வீட்டில் இன்று பாத்ரூம் கழுவும் முறை என்னுடையது. கழுவினேன்.

ஜனவரி 10, புதன்

இன்று ‘கோ ஆஃப்’ மட்டும். பால் ‘கான் ஆஃப்’ என்றால் கெட்டுவிட்டது. அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்தது. ஆஃப் என்றால் அணைவது என்றல்லவா நினைத்திருந்தேன்? ஆறாம் படுக்கை ஹார்ட்லி சாப்பாட்டை விட்டு ‘கான் ஆஃப்’. அதாவது சாப்பாடு பிடிக்கவில்லை.

ஹார்ட்லி லாரி ஓட்டியவர், எண்பதை நெருங்குகிறவர். நிமோனியாவில் வந்தார். அவர் மனைவி ஜோன் தினமும் மதியம் இரண்டு பஸ் மாறி வருகிறார். வந்து உட்கார்ந்ததும் முதலில் அவருடைய சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கிறார், பிறகுதான் அவரை.

ஜனவரி 11, வியாழன்

அம்மாவோடு பேசினேன். பொங்கல் நெருங்கியதால் எங்கள் மாவு மில்லில் கூட்டம். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். மெஷினை நிறுத்திவிட்டு வந்தும் அதே கத்தல். அவளுக்கு வேறு குரல் கிடையாது.

"ஏட்டி வடிவு, தலைக்கு எண்ணெ வைக்கியா இல்லையா? போன்ல செம்பட்டையா தெரியுது!"

"வைக்கேன்மா."

"பொய் சொல்லாத. அங்க தேங்காண்ணெ ஒறஞ்சு கெடக்கும். அடுப்புப் பக்கத்துல வச்சு உருக்கிக்கோ."

வேலையில் எல்லாம் எப்படி என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்றேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். டூட்டி முடிந்து வந்து சின்னச் சட்டியில் வைத்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்து, புகை கிளம்பி, கூரையில் இருந்த அலாரம் ‘வென்ட் ஆஃப்’. ஷைனி நாற்காலியில் ஏறித் துண்டை வீசி அதை நிறுத்தினாள். இருவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

முன்னதாக மதிய இடைவேளையில் ஊருக்குக் கூப்பிட்டேன். தம்பி ஆவுடையப்பன் எடுத்தான். அம்மாவைக் கேட்டேன். "அம்மா படுத்துட்டாக்கா" என்றான். அங்கே அப்போது மாலை ஆறரை மணி. பண்டிகை அலுப்பாக இருக்கும்.

ஜனவரி 17, புதன்

தம்பி மனைவி கோமதி எடுத்தாள். "அத்தை கோயிலுக்குப் போயிருக்கா மைனி." மில் சத்தம் கேட்கவில்லையே என்றேன். பெல்ட் அறுந்துவிட்டதாம்.

‘ரன் அவுட்’: தீர்ந்துபோவது. ‘ரன் இன்டு’: எதிர்பாராமல் சந்திப்பது. ‘ரன் டவுன்’: உடம்பு தளர்ந்திருப்பது. யாரும் ஓடவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

ஹார்ட்லிக்கு மூச்சு தேறிவிட்டது. காலையில் அவரை ஒன்பதாம் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே நடக்கப் பழக்குவார்கள். சக்கர நாற்காலியில் போகும்போது எனக்குக் கையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மேஜையில் போன் அடித்தது. பக்கத்தில் யாருமில்லை. எடுத்தேன்.

"ஜோன் ஹார்ட்லி பேசுறேன். ராத்திரி எப்படி இருந்தார்?"

மாற்றிவிட்டோம் என்று சொல்ல வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் என்ற சொல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வாரம் முழுக்க இவர்களைப் போலவே பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். செய்தியை ‘பாஸ் ஆன்’ பண்ணு, ஃபைலை ‘பாஸ் ஆன்’ பண்ணு என்று டெனிஸ் சொல்வார். அடுத்த கைக்குக் கொடுப்பது என்று எனக்குப் புரிந்திருந்தது. புரிந்தது தப்பும் இல்லை.

"ஹி பாஸ்ட் ஆன் திஸ் மார்னிங், மிஸஸ் ஹார்ட்லி" என்றேன். நல்ல சேதி என்பதால் சந்தோஷமாகவே சொன்னேன். ஒன்பதாம் வார்டுக்கு என்று சேர்ப்பதற்குள் அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. லைன் போய்விட்டது.

ஷைனி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது.

"வடிவு, நீ அந்த அம்மாகிட்ட புருஷன் செத்துட்டாருன்னு சொல்லியிருக்க."

திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. டெனிஸ் வந்தார். அவரும் கூப்பிட்டார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஜோன் வந்து இறங்கினார். கோட்டுக்குள் இரவு உடை, காலில் வீட்டுச் செருப்பு. டெனிஸ் வாசலிலேயே அவர் இரண்டு கையையும் பிடித்து, "உயிரோட இருக்கார் ஜோன், உயிரோட இருக்கார்" என்று சொல்லிக்கொண்டே ஒன்பதாம் வார்டுக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஹார்ட்லி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஜோன் நேரே போய் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டார் ஹார்ட்லி.

ஜனவரி 20, சனி

விடுமுறை. படுக்கை விரிப்புகளைத் துவைத்தேன். காயவில்லை.

ஜனவரி 22, திங்கள்

டெனிஸ் அறைக்குக் கூப்பிட்டார். வெளியூரில் இருக்கும் ஹார்ட்லியின் மகள் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறாள். இனி மறு உத்தரவு வரும்வரை நான் வார்டு போனை எடுக்கக் கூடாது. ப்ரொபேஷன் முடிவு பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

பிறகு அவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, "உங்க மொழியில ஒருத்தர் இறந்துட்டா எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார்.

யோசித்தேன். "‘போயிட்டார்’ என்போம்."

"கடைக்குப் போனா?"

"அதுவும் ‘போயிட்டார்’தான். ‘தவறிட்டார்’ என்றும் சொல்வோம். தப்புச் செய்தாலும் அதே சொல்."

"எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பீங்க?"

"குரலை வைத்து."

டெனிஸ் தலையாட்டினார். "அதனாலதான் ஆள் இறந்தா ‘டைடு’ என்று மட்டும் சொல்லச் சொல்றோம். கேட்க மோசமா இருக்கும். ஆனா இதமா ஏதாவது சொன்னா, வீட்டு ஆட்கள் அதுக்குள்ள புகுந்து தங்களுக்கு வேண்டியதை நம்பிடுவாங்க."

மதியம் ஆவுடையோடு பேசினேன். அம்மா படுத்துட்டா என்றான். அவன் குரல் சரியில்லை. ஜலதோஷமாக இருக்கலாம், பனிக்காலம். புகார் விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 25, வியாழன்

ஆறாம் படுக்கை அலமாரியில் ஹார்ட்லியின் கண்ணாடி தங்கிவிட்டது. அதை எடுக்க ஜோன் வந்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"உன் மன்னிப்பை வச்சு நான் என்ன செய்ய?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

"உன்கூடப் பேசிட்டு போனை வச்சேனா இல்லை, கீழேதான் விழுந்தது. முதல்ல நாய்கிட்டச் சொன்னேன். அப்புறம் நாற்காலியில உட்கார்ந்தேன். அப்ப எனக்கு என்ன தோணிச்சுன்னு தெரியுமா? இனிமே ராத்திரி அவர் இருமும்போது எழுந்திருக்க வேண்டாம். அதுதான் தோணிச்சு. அழுகைகூட அப்புறம்தான் வந்தது. கல்யாணமாகி ஐம்பது வருஷம்."

அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

"அவர் செத்த பிறகு அதை நான் தெரிஞ்சுக்கிட்டிருந்தா பரவாயில்லை. இப்ப தினமும் வந்து அவர் முகத்தைப் பார்க்கிறேன். அது எனக்குள்ள இருக்கு. நீ அதுக்கு என்ன செய்வே?"

கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 26, வெள்ளி

இன்று ஊருக்குக் கூப்பிடவில்லை. காய்கறி வாங்கினேன். கத்திரிக்காய் இங்கே பூசணிக்காய் அளவுக்கு இருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

இன்றும் கூப்பிடவில்லை. தலைவலி.

ஜனவரி 30, செவ்வாய்

கோமதி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "அத்தை நல்லாருக்கா மைனி. நீங்க உடம்பப் பாத்துக்கிடுங்க." அவள் பேச்சுக்குப் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு சின்ன மோட்டார் சத்தம். மில் மெஷின் இல்லை. எங்கள் வார்டில் எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்குப் போடும் காற்று மெத்தை இருக்கிறதே, அதன் பம்ப் போல இருந்தது. நாள் முழுக்க அந்தச் சத்தத்திலேயே இருப்பதால் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி ஒரு முறை போட்டுக் கேட்டேன். அப்புறம் அழித்துவிட்டேன், போனில் இடமில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

ஹார்ட்லி எங்கள் வார்டுக்கே திரும்பி வந்துவிட்டார். காய்ச்சல் மறுபடியும், நினைவு அரைகுறை. ஜோன் டாக்டரிடம், "‘புல் த்ரூ’ பண்ணுவாரா?" என்று கேட்டார். இதை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை, ஆனால் கேட்டதும் புரிந்தது: பிழைத்துக்கொள்வாரா. டாக்டர் பெரிய பெரிய சொற்களாகத் தேடிப் பதில் சொன்னார். ஜோன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளும் வந்திருந்தாள். என்னைப் பார்க்காதது போலக் கடந்து போனாள்.

பிப்ரவரி 3, சனி

ஹார்ட்லி காலையில் இறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் நேரம் கூடிக்கொண்டே போய், ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை.

டெனிஸுக்கு விடுமுறை. ஷைனி மகளுக்கும் ஜோன் வீட்டுக்கும் போன் செய்தாள். மகள் ஓட்டலிலிருந்து கிளம்பிவிட்டாள். ஜோன் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பஸ்ஸில் இருப்பார், கைபேசி வைத்துக்கொள்ள மாட்டார். வார்டுக் கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தபோது எதிரே இருந்தது நான் ஒருத்திதான். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சொல்லு."

"உட்காருங்க மிஸஸ் ஹார்ட்லி."

"நின்னுட்டே கேட்கிறேன்."

"அவர் இறந்துவிட்டார்" என்றேன். ‘ஹி ஹாஸ் டைடு.’ பின்னால் எதையும் சேர்க்கவில்லை.

என்னையே பார்த்தார். "இந்தத் தடவை நிச்சயம்தானா?"

"நிச்சயம். நான் கையைப் பிடிச்சிட்டிருந்தேன்."

"இருமினாரா?"

"இல்லை. கடைசியில இருமல் இல்லை."

அப்போதுதான் அழுதார். தோள் இரண்டும் குலுங்க, சத்தமே இல்லாமல். கைப்பை கீழே நழுவியது. எடுத்து வைத்துக்கொண்டேன். அவரை உள்ளே கூட்டிப்போய் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

இடைவேளையில் மாடிப்படிக்குப் போய் ஊருக்குக் கூப்பிட்டேன்.

"ஆவுடை, அம்மா உயிரோட இருக்காளா?"

"என்னக்கா இப்படிக் கேக்க?"

"இருக்காளா, இல்லையா?"

"இருக்கா."

"பேசுவாளா?"

அவன் எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "பேச்சு வரலக்கா. சோத்துக் கைப் பக்கம் கையும் காலும் அசையல" என்றான்.

"எப்ப?"

"பொங்கலுக்கு ரெண்டு நா முந்தி, ராத்திரி. மில்லை அடைச்சிட்டு வந்து உக்காந்தா. வாய் ஒரு பக்கமா கோணுச்சு. மாவு திரிச்ச அலுப்புன்னு நெனச்சோம். சுக்கு வெந்நி போட்டுக் குடுத்தோம்."

"ஆஸ்பத்திரிக்கு எப்ப போனீங்க?"

"விடிஞ்சதும்."

விடிஞ்சதும். முதல் சில மணி நேரத்துக்குள் கொண்டு போயிருந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. எத்தனையோ பேருக்கு என் கையால் போட்டிருக்கிறேன்.

"ஒனக்குப் போடணும்னு போன கையில எடுத்தேங்க்கா. டூட்டில இருப்பியேன்னு வச்சிட்டேன்."

படியில் உட்கார்ந்தேன்.

"சொன்னா நீ வேலையப் போட்டுட்டு வந்து நிப்ப. அதான் ஒரு மாசம் போட்டும்னு பாத்தோம். ஆனா நான் பொய் சொல்லலக்கா. படுத்துட்டான்னுதான சொன்னேன்."

உண்மைதான். படுத்துட்டா என்றுதான் சொன்னான், ஒவ்வொரு முறையும். நானும் அதைத்தான் கேட்டேன். நான் ஒரு நர்ஸ். மாலை ஆறரை மணிக்கு என் அம்மா படுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா?

இடைவேளை முடிந்தது. ஆறாம் படுக்கைக்கு விரிப்பு மாற்றினேன்.

பிப்ரவரி 5, திங்கள்

டெனிஸிடம் சொன்னேன். இரண்டு வாரம் விடுப்பு கொடுத்தார். புகார் அப்படியே நிற்கிறது, மகள் திரும்பப் பெறவில்லை. ப்ரொபேஷனை மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள். வேலை போகவில்லை. எனக்கு எதிராக டெனிஸ் எதுவும் சொல்லவும் இல்லை, எனக்காகப் பேசியதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. "‘ஆஃப் யு கோ’" என்றார். கிளம்பு என்று அர்த்தம். கிளம்பினேன்.

பிப்ரவரி 8, வியாழன்

அம்பாசமுத்திரம். முன் அறையில் கட்டிலைப் போட்டு அம்மாவைக் கிடத்தியிருக்கிறார்கள். காற்று மெத்தை. அதே பம்ப்.

என்னைக் கண்டதும் அம்மா இடது கையை உயர்த்தினாள். முகத்தின் ஒரு பாதி சிரித்தது. "கரண்டு" என்றாள்.

தம்பி வெளியே போய் நின்றுகொண்டான்.

நான் முதலில் செய்தது, அவளைப் புரட்டி முதுகையும் குதிகாலையும் பார்த்ததுதான். ஒரு புண் இல்லை, தோல் சிவக்கக்கூட இல்லை. "நல்லா பாத்திருக்க கோமதி" என்றேன். கோமதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

பிப்ரவரி 10, சனி

அம்மாவுக்கு நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. அவள் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல். மில் ஓடும்போது கரண்டு போனால் கத்துவாளே, அது மட்டும் எப்படியோ மிஞ்சியிருக்கிறது.

கோமதிதான் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வெடுக்கென்று சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் பெட்பேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஃபேன் வேகத்தைக் குறைக்க வேண்டும். கை ஆட்டிச் சொன்னால், ஆவுடையைக் கூப்பிடு. நான் பெட்பேன் எடுத்துக்கொண்டு போகும்போது அம்மா தலையைத் திருப்பிக்கொள்கிறாள். தண்ணீர் கேட்டிருக்கிறாள்.

"இன்னும் ரெண்டு நா பழகினா வந்திரும் மைனி" என்கிறாள் கோமதி.

ஆவுடையோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. சாயங்காலம் இருவரும் சேர்ந்து அம்மாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். எந்தக் கையை எங்கே கொடுத்துத் தூக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். கவனமாகச் செய்தான். முடிந்ததும், "அன்னைக்கு ராத்திரியே போட்டிருக்கணும்" என்றான். ஆமா என்றேன்.  பிறகு இருவரும் ஒரே தட்டில் வைத்திருந்த முறுக்கைத் தின்றோம்.

பிப்ரவரி 12, திங்கள்

பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வந்தாள். பயிற்சிகளை நானும் கற்றுக்கொண்டு கோமதிக்கும் சொன்னேன். மில்லைக் கோமதியின் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். பெல்ட் அறுந்ததும் உண்மைதான் என்று தெரிந்தது.

பிப்ரவரி 14, புதன்

மதியம் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "கரண்டு" என்றாள். எனக்குப் பழக்கமான எந்த மாதிரியும் இல்லை. தண்ணியா என்றேன். இல்லை. ஃபேனா? இல்லை. ஆவுடையா? இல்லை. கோமதி வந்து பார்த்தாள்.

"இது புதுசா இருக்கே மைனி. எனக்கும் தெரியல."

அம்மா என் பெட்டியைப் பார்த்தாள். சுவர் ஓரத்தில் திறந்து கிடந்தது. மறுபடி, "கரண்டு?"

"எப்ப போறேன்னு கேக்கியாம்மா?"

இடது கை மெத்தையில் ஒரு தட்டுத் தட்டியது. ஆமாம்.

அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

"வெள்ளிக்கிழமம்மா. வெள்ளிக்கிழம காலையில போறேன்."

"போறேன்னு சொல்லாதீங்க மைனி" என்றாள் கோமதி. "போயிட்டு வாரேன்னு சொல்லுங்க."

"போயிட்டு வாரேன்மா."

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "கரண்டு" என்றாள்.

அது என்ன என்று நான் கோமதியிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.